தேவஸ்ஸி சார் வீட்டுக் கிரைண்டர்

ரோசிலி டீச்சர் போனில் சொன்னது ஒரே ஒரு கோளாறுதான். கிரைண்டர் ஓடவில்லை. மறுநாள் பேரனுக்குச் சர்ச்சில் புதுநன்மை, முதல் முறையாக நற்கருணை வாங்குகிற சடங்கு. அயர்லாந்திலிருந்து மகளும் மருமகனும் குழந்தைகளோடு வந்து இறங்கியாயிற்று. நூறு பேருக்கு அப்பம் சுட வேண்டும். மத்தியானத்துக்குள் மாவரைத்துப் புளிக்க வைத்தால்தான் விடிகாலையில் அடுப்பு மூட்ட முடியும்.

“வழக்கமா வர்ற பையன் போனையே எடுக்க மாட்டேங்கறான் மோளே. சர்ச் போர்டுல உங்க நம்பர் ஒட்டியிருந்துச்சு. பொம்பளைங்கதானே வருவீங்க? அடுக்களை வேல, அதான் கேட்டேன்.”

“ரெண்டு பேருமே பொம்பளைங்கதான் டீச்சரே. அரை மணி நேரத்துல வந்துடறோம்” என்று சொல்லி ஸ்மிஜா போனை வைத்தாள்.

கேரளத்தின் மாளாவில் ‘கரண்டுச் சேச்சிமார்’ என்றால் தெரியாதவர்கள் இல்லை. ஒன்பது பெண்கள் சேர்ந்து நடத்துகிற குழு. முதல் வருஷம் கேலிக்காக வைத்த பேர். பிறகு ஊரே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டது. ஸ்மிஜாவுக்கு முப்பத்துநாலு வயது. பரீட்சை எழுதி வயர்மேன் பெர்மிட் வாங்கியவள். அவளுக்கு ஜோடியாக வேலைக்கு வருகிற ரம்லத் நாற்பதைத் தாண்டியவள். ஸ்மிஜா அவளை அக்கா முறையில் இத்தா என்பாள். ரம்லத் எந்த உயரத்திலும் ஏறுவாள், அடைமழையில் ஓட்டின்மேல் நின்று வயர் இழுப்பாள். ஒரு கரப்பான்பூச்சி குறுக்கே ஓடினால் மட்டும் தெருவுக்கே கேட்கிற மாதிரி அலறுவாள்.

ஸ்மிஜாவின் கணவன் பிரதோஷுக்கும் இதே தொழில்தான். ஊரில் பாதி வீடுகளில் அவன் கை பட்டிருக்கும். அவன் வயரை முறுக்கி முடிக்கிற அழகைப் பார்த்துத்தான் அவளுக்கே இந்த வேலைமேல் ஆசை வந்தது. அந்த வாரம் அவன் அங்கமாலியில் ஒரு ஜவுளிக்கடைக்கு வயரிங் செய்துகொண்டிருந்தான்.

ரம்லத்தின் ஸ்கூட்டரில் இருவரும் போய் இறங்கியபோது மணி பத்து. ஜாதிக்காய் மரங்களுக்கு நடுவே இரண்டு மாடி வீடு. வாசலிலேயே டீச்சர் நின்றிருந்தாள். வெளுத்த, நல்ல பருமனான அம்மாள். வீட்டுக்குள்ளும் நீல ரப்பர் செருப்பு போட்டிருந்தாள்.

“செருப்பக் கழட்டிட்டு வாங்க. அடுக்களைக்குள்ள வெளிச் செருப்பு ஏறக்கூடாது.”

“இது கரண்ட் வேல டீச்சரே. கழட்டினா நாங்க திரும்பிப் போறது ஆம்புலன்ஸ்லதான்” என்றாள் ரம்லத்.

டீச்சர் சிரிக்கவில்லை. பழைய பேப்பர்களை எடுத்து வந்து வழியெல்லாம் விரித்துவிட்டாள். பேப்பர்மேலேயே நடந்து இருவரும் உள்ளே போனார்கள்.

முன் அடுக்களை கடையில் வைத்திருப்பதுபோலப் பளபளவென்று இருந்தது. அடுப்புமேல் ஒரு பொட்டு எண்ணெய் இல்லை. அங்கே யாரும் சமைப்பதில்லை என்பது பார்த்தவுடனே தெரிந்தது. நிஜச் சமையல் அதற்குப் பின்னால், தகரக் கூரை போட்ட பின்கட்டு அடுக்களையில். தரை முழுக்க ஈரம். மூலையில் ஒரு பெண் குந்தி உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒடிசலான உடம்பு, வெறுங்கால்.

“இது தாட்சாயணி. கிரைண்டரத் திருப்பணும்னா இவகிட்டச் சொல்லுங்க, பிடிச்சுக் குடுப்பா” என்றாள் டீச்சர்.

“நான் பிடிக்கறேன் மோளே” என்று தாட்சாயணி கை கழுவிக்கொண்டு எழுந்தாள்.

“நீங்க தள்ளி நில்லுங்க சேச்சி. நாங்களே பாத்துக்கறோம்.”

ஸ்மிஜா முதலில் பிளக்கைப் பிடுங்கினாள். கையில் எடுத்துப் பார்த்ததுமே முகம் சுளித்தாள். மூன்று முள் இருக்க வேண்டிய பிளக்கில் இரண்டுதான் இருந்தது. மேலே இருக்கும் தடித்த எர்த் முள்ளை யாரோ ரம்பத்தால் அறுத்து எடுத்திருந்தார்கள். மெஷின் உடம்பில் கரண்ட் கசிந்தால் மண்ணுக்குக் கொண்டுபோய் விடுகிற முள் அது. செருகியிருந்த பழைய இரண்டு ஓட்டைப் பெட்டிக்குள் நுழையவில்லை என்பதற்காக அறுத்திருக்கிறார்கள்.

வயரைப் பிடித்துக்கொண்டே வந்தாள். பாதி வழியில் விரலில் பிசுபிசுவென்று ஏதோ ஒட்டியது. வயர் அறுந்து, இரண்டு நுனிகளையும் சும்மா முறுக்கி, மேலே காயத்துக்குப் போடுகிற பிளாஸ்திரியைச் சுற்றியிருந்தார்கள். பிளாஸ்திரியில் மாவு ஊறிப் புளித்துப் பச்சைப் பூசணம் பூத்திருந்தது. முகர வேண்டிய அவசியமே இல்லாமல் நாற்றம் மூக்கில் ஏறியது.

“பிளாஸ்திரி! வயருக்கு அடிபட்டுடுச்சாம் பாவம்” என்றாள் ரம்லத்.

இருவரும் சேர்ந்து கிரைண்டரைச் சாய்த்து அடித்தட்டைக் கழற்றினார்கள். தட்டு விழுந்ததும் கரப்பான்பூச்சிகள் கொத்தாக வெளியே கொட்டின. ரம்லத் ஒரு கூச்சல் போட்டு மேடைமேல் ஏறிவிட்டாள். ஸ்மிஜாவுக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே வருஷக்கணக்கில் வழிந்த மாவு அடுக்கடுக்காகக் காய்ந்து, அதன்மேல் பூச்சி முட்டைகள் உளுந்துபோல ஒட்டிக் கிடந்தன. மோட்டாருக்குப் போகிற வயர்களின் தோலைப் பூச்சிகள் தின்று தீர்த்திருந்தன. செம்பு வெறுமையாகத் தெரிந்தது. வெறும் வயர் ஒன்று இரும்புச் சட்டத்தில் சாய்ந்துகிடந்தது. மோட்டாரின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே ஒரு பல்லி, கால் நான்கையும் பரப்பியபடி கருகிச் செத்திருந்தது. கிரைண்டர் நின்றது அதனால்தான். பல்லியைக் குறடால் இழுத்தபோது வால் தனியாக வந்தது. உடம்பு செம்போடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது.

ஸ்மிஜா வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தாள்.

“இதுல அரைச்ச மாவுலதான் அப்பம் தின்னிருக்காங்க” என்று ரம்லத் மேடைமேல் நின்றபடியே முணுமுணுத்தாள்.

ஸ்மிஜாவின் மனம் தின்றவர்களிடம் போகவில்லை. சட்டத்தில் சாய்ந்துகிடந்த அந்த வயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பல்லி செத்தது நேற்று. வயர் சட்டத்தைத் தொட்டு மாதக்கணக்காகியிருக்கும். அப்படியென்றால் இத்தனை நாளும் இந்தக் கிரைண்டரின் உடம்பு முழுக்கக் கரண்ட் ஓடியிருக்கிறது.

சந்தேகத்தில் மற்ற சாமான்களையும் பார்த்தாள். மிக்ஸியின் வயரை மாற்றியவர்கள் அலங்கார பல்புக்குப் போடுகிற நூல் வயரைப் போட்டிருந்தார்கள். அது சூடேறிச் சுருங்கியிருந்தது. தேங்காய் துருவுகிற மெஷினில் சுவிட்சே இல்லை; இரண்டு வயர்களை வெளியே இழுத்து வளைத்து விட்டிருந்தார்கள், ஒன்றோடொன்று கொக்கி போட்டால் ஓடும். வெந்நீர் போடுகிற கம்பி வெடித்து உள்ளிருந்த வெள்ளைப் பொடி வெளியே தெரிந்தது. மிக்ஸியைச் செருகி அதன் அடியில் இருந்த திருகாணியில் டெஸ்டரை வைத்தாள். சிவப்பாக எரிந்தது.

“சேச்சி, இதெல்லாம் தொடறப்ப உங்களுக்கு ஒண்ணும் ஆகலையா?”

தாட்சாயணி வெட்கப்பட்டவள்போலச் சிரித்தாள். “எனக்கு நரம்புத் தளர்ச்சி மோளே. ஒரு வருஷமா இருக்கு. மாவு தள்ளிவிடறப்ப விரல் நுனி சுர்ருன்னு இழுக்கும். முழங்கை வரைக்கும் மரத்துப்போகும். போன மாசம் கிரைண்டர் பக்கத்துலயே விழுந்துட்டேன். பிரஷர்னு டீச்சர் சொன்னாங்க. நரம்புக்கு அரிஷ்டமும் அவங்கதான் வாங்கிக் குடுத்தாங்க, ரெண்டு குப்பி. தங்கமான மனசு.”

ரம்லத் மேடையிலிருந்து இறங்கினாள். கரப்பான்பூச்சிகளை அவள் மறந்தே போனாள்.

“வீட்ல இருக்கறப்ப இழுக்குமா சேச்சி? ஞாயித்துக்கெழம?”

தாட்சாயணி யோசித்தாள். “ஞாயித்துக்கெழம இருக்காது. அன்னைக்கு ரெஸ்ட்டு இல்லையா, அதனால.”

தொட்டிக்குக் கீழே ஒரு கனத்த பலாப்பலகை சாத்திவைத்திருந்தது. அடியில் ரப்பர் விரிப்பை ஆணியடித்து ஒட்டியிருந்தார்கள். ஸ்மிஜா அதைக் காலால் தட்டினாள்.

“இது எதுக்கு சேச்சி?”

“அது டீச்சருக்கு. மாவு பதம் பாக்க வந்தாங்கன்னா அதுமேல நின்னுதான் பாப்பாங்க. தரை ஈரம் அவங்க காலுக்கு ஆகாது. நான் அதுல கால் வைக்கக்கூடாது, நனஞ்சுடும்.”

ஸ்மிஜாவும் ரம்லத்தும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஸ்மிஜாவுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் ஒன்று இடித்தது. இவ்வளவு கசிவு இருக்கிற வீட்டில் இ.எல்.சி.பி. சும்மா இருக்குமா? துளி கரண்ட் கசிந்தாலும் தானே விழுந்து வீட்டையே துண்டிக்கிற சுவிட்ச் அது. புது வீடு. அந்தச் சுவிட்ச் இல்லாமல் கனெக்ஷனே கிடைத்திருக்காது.

மெயின் போர்டு முன்கூடத்தில், மாதா படத்துக்குக் கீழே இருந்தது. மூடியைத் திறந்தாள். இ.எல்.சி.பி. அழகாக உட்கார்ந்திருந்தது. சோதனைப் பட்டனை அழுத்தினாள். விழவில்லை. இன்னொரு முறை அழுத்தினாள். பொம்மைச் சுவிட்சைத் தொட்டதுபோல இருந்தது. மெயினை அணைத்துவிட்டு முகப்புத் தகட்டைக் கழற்றிப் பார்த்தாள். உள்ளே வருகிற வயரும் வெளியே போகிற வயரும் சுவிட்சுக்குள் நுழையவே இல்லை. பின்னாலேயே ஒன்றோடொன்று இணைத்து டேப் சுற்றி, சுவிட்சுக்கு வெறும் துண்டு வயர்களைச் செருகிவைத்திருந்தது. தெரிந்தவன் செய்த வேலை. கச்சிதமான வேலை.

ஃபேன் நின்றதும் டீச்சரின் கணவர் தேவஸ்ஸி சார் மாடியிலிருந்து இறங்கி வந்தார். பேங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளை ஜிப்பா, தங்கக் கண்ணாடி.

“கிரைண்டரப் பாக்கச் சொன்னா மெயின் போர்டுல என்ன பண்றீங்க?”

“சாரே, இந்த இ.எல்.சி.பி. வேல செய்யல. யாரோ வேணும்னே கழட்டி விட்டிருக்காங்க.”

“யாரோ இல்ல. நான்தான் சொன்னேன்” என்றார் அவர், ஜன்னலைச் சாத்தச் சொன்னேன் என்கிற குரலில். “போன வருஷம் தெனமும் நாலு தடவ விழுந்துச்சு. நாங்க வேளாங்கண்ணி போயிட்டு வர்றதுக்குள்ள ஃப்ரீசர்ல இருந்த மீன் பூரா நாறிப்போச்சு. எவ்வளவு பொறுக்கறது?”

“அது விழுந்ததே கிரைண்டர் கசியுதுன்னு சொல்லத்தான் சாரே. கோளாறு கிரைண்டர்ல, மிக்ஸில. ஆள் சாகற கோளாறு.”

“யாராவது செத்தாங்களா?”

ஸ்மிஜா உள்ளே டேப் சுற்றியிருந்த இடத்தை விரலால் சுட்டிக் காட்டினாள்.

“இதப் பாரு கொச்சே. வீடு நெறைய ஆளு வந்திருக்கு. முன்ன இருந்த மாதிரியே வச்சுட்டு, கிரைண்டர ஓட விட்டுட்டுப் போங்க. இது செஞ்சது ஒண்ணும் ஏப்ப சாப்ப ஆளு இல்ல. நம்ம பிரதோஷ். இந்த ஊர்லயே அவன மாதிரி வேலக்காரன் கெடையாது. நீங்க அவன்கிட்டப் போய்க் கத்துக்கணும்.”

ரம்லத் தலையைக் குனிந்துகொண்டாள். ஸ்மிஜா மறுபடி அந்த இணைப்பைப் பார்த்தாள். மூன்று சுற்று மஞ்சள் டேப், நுனியைக் கோணலாக வெட்டி உள்ளே மடித்துவிட்டது. தினமும் பார்க்கிற கை. அவர் பேரைச் சொல்வதற்கு முன்பே அவளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் அவள் கண் அதைப் பார்க்காமல் விட்டிருக்கிறது.

“ஒரு நிமிஷம் சாரே” என்று சொல்லிவிட்டு வெளியே போய் ஒரு ஜாதிக்காய் மரத்தடியில் நின்று போன் போட்டாள். அவள் நம்பர் என்பதால் பிரதோஷ் உடனே எடுத்தான்.

“ஏட்டா, தேவஸ்ஸி சார் வீட்டு இ.எல்.சி.பி.ய நீங்களா கழட்டி விட்டீங்க?”

அவன் டிரில்லரை நிறுத்தினான். “நீ எதுக்கு அங்க போன? ஆமா. அவரு விடல, நச்சரிச்சாரு. நான் செய்யலன்னா வேற எவனாவது செய்வான். எல்லா வீட்லயும் நடக்கறதுதான்.”

“கிரைண்டர் உடம்புல கரண்ட் இருந்தது தெரியுமா?”

“கொஞ்சம் இருந்துச்சு. டெஸ்டர் மங்கலா எரிஞ்சுது. நான் ஒண்ணும் சொல்லாம வரல ஸ்மிஜே. டீச்சர்கிட்ட விவரமாச் சொன்னேன். தொடறப்ப ரப்பர் செருப்பு போட்டுக்குங்க, பலகை மேல நில்லுங்கன்னு. அடியில ரப்பர் அடிச்சுப் பலகையச் செஞ்சு குடுத்ததே நான்தான்.”

“அந்தக் கிரைண்டர்ல டீச்சரா மாவாட்டறாங்க?”

“பின்ன?”

“தாட்சாயணிச் சேச்சி ஆட்டறாங்க. வெறுங்கால்ல, ஈரத்துல நின்னு. ஒரு வருஷமா.”

“யாரு? ஓ, அங்க வேல செய்யறவங்களா.” அவன் குரல் லேசாயிற்று, ஏதோ பெரிய பழியிலிருந்து தப்பியவன்போல. “அத வீட்டுக்காரங்கதானே பாத்துக்கணும். நான் வீட்டுக்காரங்ககிட்டச் சொல்லியாச்சு.”

அந்த லேசான குரல்தான் அவளை என்னவோ செய்தது. கருகிய பல்லியைப் பிய்த்தபோது பட்ட அதே அருவருப்பு மறுபடி வந்தது. பதினோரு வருஷம் இந்தக் குரலோடு ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறாள். போனை அணைத்தாள். கையைச் சுடிதாரில் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள், சுத்தமான மாதிரியே இல்லை.

உள்ளே வந்து யாரிடமும் கேட்காமல் வேலையை ஆரம்பித்தாள். மஞ்சள் டேப்பை அறுத்தாள். இ.எல்.சி.பி.க்கு முறையாக இணைப்புக் கொடுத்து மெயினைப் போட்டாள். படாரென்று விழுந்தது. மிக்ஸியைப் பிடுங்கிவிட்டு வரச் சொல்லி ரம்லத்தை அனுப்பினாள். பிறகு போட்டபோது விழாமல் நின்றது. ஃபேன் சுற்றியது, ஃப்ரிட்ஜ் முனகியது.

“லைட்டு, ஃபேன், ஃப்ரிட்ஜு எல்லாம் ஓடும் சாரே. பின்கட்டுச் சாமான் எதுவும் ஓடாது.”

“நாளைக்கு விருந்து! எவகிட்டக் கேட்டு இதப் பண்ணின?” சார் கத்தினார். கத்தலைக் கேட்டு மகள் மாடிப்படியில் வந்து நின்றாள். “பிரதோஷக் கூப்பிடறேன், இரு. அவன் வந்து உன் மூஞ்சில அடிச்ச மாதிரி சரி பண்ணிட்டுப் போவான்.”

“கூப்பிடுங்க. அவரு என் புருஷன்தான். நம்பர் வேணும்னா நான் தர்றேன்.”

சார் கையில் எடுத்த போனை ஜிப்பாப் பையில் போட்டார். ஸ்மிஜா பின்கட்டுக்குப் போனாள். கட்டிங் பிளேயரை எடுத்துக் கிரைண்டர் வயரை அடியோடு வெட்டினாள். பிறகு மிக்ஸி, தேங்காய் மெஷின், வெந்நீர்க் கம்பி. வெட்டிய துண்டுகள் தரையில் புழுப்போலக் கிடந்தன.

தாட்சாயணி பதறிப்போனாள். “ஐயோ மோளே, என்ன பண்ற! நூறு பேருக்கு மாவு ஆட்டணுமே. இனி ஆட்டுக்கல்லுல நான்தானே உக்காரணும்? ஒட்டவச்சு விட்டுடு. இழுத்தா இழுக்கட்டும், ஒரு நாள்தானே, தாங்கிக்கறேன்.”

ஸ்மிஜா இதை நினைத்திருக்கவில்லை. பிளேயரைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். ரம்லத் அவள் தோளைத் தொட்டு மெதுவாகச் சொன்னாள்: “ஷாக்குன்னு சொல்லிடாத. வேல போயிடும் அவங்களுக்கு.”

“சொல்லாம எப்படி இத்தா?”

அவள் தாட்சாயணியின் முன்னால் உட்கார்ந்தாள். சுற்றி வளைக்கவில்லை. “சேச்சி, உங்களுக்கு நரம்புல ஒண்ணும் இல்ல. கிரைண்டர் உங்களுக்கு ஷாக் அடிச்சிருக்கு. ஒரு வருஷமா. கசிஞ்சா தானா விழுந்து கரண்டையே நிறுத்தற சுவிட்ச சார் கழட்டச் சொல்லியிருக்காரு. கழட்டினது என் புருஷன். கிரைண்டர்ல கரண்ட் இருக்கு, செருப்புப் போட்டுப் பலகை மேல நில்லுங்கன்னு அன்னைக்கே டீச்சர்கிட்டச் சொல்லியிருக்காரு.”

தாட்சாயணி தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு வாசற்படியில் வந்து நின்ற டீச்சரை ஏறிட்டுப் பார்த்தாள்.

“டீச்சரே, அந்த அரிஷ்டம் வாங்கிக் குடுத்தீங்களே. அப்ப உங்களுக்குத் தெரியுமா?”

டீச்சர் நீலச் செருப்பில் ஒரு கால் மாற்றி ஒரு கால் நின்றாள். “உனக்குக் கஷ்டமா இருக்கேன்னுதானே வாங்கிக் குடுத்தேன் தாட்சாயணி. வேற யாரு வாங்கிக் குடுப்பா?”

தாட்சாயணி தொட்டியருகே போய்க் காறி உமிழ்ந்தாள். அவள் சின்ன உடம்பிலிருந்து அவ்வளவு பெரிய சத்தம் வருமென்று யாரும் நினைக்கவில்லை. கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினாள். ஆணியில் தொங்கிய பையையும் குடையையும் எடுத்துக்கொண்டாள்.

“மீன் பாதி கழுவியிருக்கு. பூனை திங்கறதுக்குள்ள மூடி வைங்க” என்றாள். பின்வாசல்வரை போனவள் திரும்பி நின்றாள். “கிரைண்டர்ல கரண்ட் இருக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே எங்கயாவது பழைய செருப்பத் தேடிப் போட்டிருப்பேனே டீச்சரே. அது கூடவா உங்க வாய்ல வரல?”

அவள் போன பிறகு மாடிப்படியில் நின்ற மகள் “மம்மி, என்ன இது?” என்று இரண்டு முறை கேட்டாள். ஸ்மிஜாவும் ரம்லத்தும் கருவிகளைப் பொறுக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். ஸ்கூட்டரில் ஏறியபோது ரம்லத் சொன்னாள்: “இந்த ஆளுங்களவிட அந்தக் கரப்பான்பூச்சி எவ்வளவோ மேல். அது தெரியாமத் தின்னுச்சு.”

சாயங்காலம் பிரதோஷ் சீக்கிரமே வந்துவிட்டான். வரும்போதே பொரித்த கோழி வாங்கி வந்திருந்தான். சண்டை வரும் என்று தெரிந்த நாட்களில் அவன் செய்கிற வேலை அது. ஸ்மிஜா மேசையில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து எழுதிக்கொண்டிருந்தாள்.

“என்ன எழுதற?”

“மின் இன்ஸ்பெக்டருக்குப் புகார். நானும் இத்தாவும் கையெழுத்துப் போடறோம்.”

“சார் பேர எழுது. அந்த ஆளுக்கு வேணும்தான்.”

“எழுதிட்டேன். அடுத்த வரில உங்க பேரு.”

அவன் சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். “என் பெர்மிட் போயிடும்டி. வேணும்னா நாளைக்கே போய்ச் சும்மா எல்லாத்தயும் சரி பண்ணிக் குடுக்கறேன். ஒரு தப்பு. அவ்வளவுதானே? நான் எச்சரிக்காம வந்திருந்தா நீ சொல்றதுல நியாயம் இருக்கு.”

“நீ எச்சரிக்காம வந்திருந்தாக்கூட எனக்கு இவ்வளவு அருவருப்பு இருந்திருக்காது. தெரியலன்னு நெனச்சிருப்பேன்.” பதினோரு வருஷத்தில் முதல் முறையாக அவள் அவனை நீ என்றாள். இருவருக்குமே அது கேட்டது. “உனக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சு, யாரு பொழைக்கணும்னு நீயே பிரிச்சிருக்க.”

கோழி ஆறிப்போயிற்று. யாரும் தொடவில்லை.

பத்து நாள் கழித்து இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தார். வெட்டிய வயர்களையும் டேப்பையும் ரம்லத் ஒரு பையில் கட்டிப் பத்திரமாக வைத்திருந்தாள், எடுத்துக் கொட்டினாள். தேவஸ்ஸி சாருக்கு நோட்டீஸ் வந்தது. பிரதோஷின் பெர்மிட்டை ஒரு வருஷத்துக்கு நிறுத்தினார்கள். ஊரில் பேச்சு இரண்டு விதமாக இருந்தது. கட்டினவனையே காட்டிக்கொடுத்தவள் என்று டீக்கடையில் சொன்னார்கள். அந்தக் கடைக்காரன் மனைவியே மறுநாள் போன் செய்து, தன் மிக்ஸி தொட்டால் கிச்சுகிச்சு மூட்டுகிறது, வந்து பார்க்க முடியுமா என்று கேட்டாள். அந்த மாதம் மட்டும் பதினேழு அடுக்களைகளுக்கு ஸ்மிஜாவும் ரம்லத்தும் போனார்கள். ஆறு வீடுகளில் எர்த் முள் அறுபட்டிருந்தது. இரண்டு வீடுகளில் பலகை இருந்தது. பலகையைக் கண்டதும் ஸ்மிஜா முதலில் கேட்பது, இதில் யார் நிற்கிறார்கள் என்றுதான்.

பிரதோஷ் முதலில் கோபப்பட்டான், பிறகு பேசாமல் இருந்தான், பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, “அந்தச் சேச்சியப் போய்ப் பாக்கணும். நீயும் வா” என்றான்.

தாட்சாயணி வீடு வாய்க்கால் கரையில் இருந்தது. அவள் இப்போது ஒரு நர்சிங் ஹாஸ்டலில் சமைக்கிறாள். ஸ்மிஜாவைக் கண்டதும் முகம் மலர்ந்து வந்தவள், பின்னால் நின்றவனைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றாள். உட்காரச் சொல்லவில்லை.

“தப்புப் பண்ணிட்டேன் சேச்சி” என்றான் பிரதோஷ். “நீங்கதான் அந்தக் கிரைண்டரத் தொடறீங்கன்னு எனக்குத் தெரியாது.”

தாட்சாயணி அவனை மேலும் கீழும் பார்த்தாள். “நீ வந்த அன்னைக்கு உனக்குக் கட்டஞ்சாயா போட்டுக் குடுத்தது நான்தான். அந்தக் கிரைண்டர் பக்கத்துல நின்னு, மாவு ஒட்டின இந்தக் கையால குடுத்தேன். மதுரம் போதுமான்னு கேட்டேன். போதும்னு சொல்லிக் குடிச்ச. நெனப்பு இருக்கா?”

பிரதோஷ் உண்மையாகவே நினைத்துப் பார்த்தான். நெற்றியைச் சுருக்கி, கண்ணை மூடி யோசித்தான். அந்த வீட்டுப் போர்டு, அதில் எத்தனை ஃபியூஸ், எந்த வயர் எந்தப் பக்கம் போகிறது எல்லாம் அவனுக்கு நினைவிருந்தது. டீச்சர் சொன்னது, சார் சொன்னது, எல்லாம் நினைவிருந்தது.

“இல்ல சேச்சி” என்றான் கடைசியில்.

“இருக்காது” என்றாள் தாட்சாயணி. “சரி, கெளம்பு. எனக்கு ஹாஸ்டலுக்கு நேரமாச்சு.”

அவன் போய்ப் பைக்கை எடுத்து வாய்க்கால் பாலத்தருகே நிறுத்திக் காத்திருந்தான். ஸ்மிஜா அவனைக் கடந்து பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தாள். அவள் வீட்டை விட்டுப் போய்விடவில்லை. போவதாகவும் யாரிடமும் சொல்லவில்லை. அன்று அவன் பின்னால் உட்கார்ந்து, அவன் தோளைப் பிடித்துக்கொண்டு வர அவளால் முடியவில்லை, அவ்வளவுதான். வீட்டுப் பக்கம் போகிற கொடுங்கல்லூர் பஸ் வர இருபது நிமிஷம் ஆயிற்று. அதுவரை வெயிலிலேயே நின்றாள்.